பழைய பதில்

பூசை முடிந்து கூட்டம் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது ஃபாதர் ஆனந்த் ஜெசிந்தாவைப் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் சணல் கட்டிய அட்டைக் கட்டுகள் ஏழெட்டு இருந்தன. ஒன்றைப் பிரித்து, மேலே இருந்த அட்டையை அவள் கையில் கொடுத்தார்.

“திருவருகைக்காலம் முதல் ஞாயிறுலருந்து பூசைக்குப் புதுப் பதில்கள். ஆயர் இல்லத்துலருந்து அனுப்பிட்டாங்க. நமக்கு நாலு வாரம் இருக்கு. சனங்களுக்கு நீங்கதான் சொல்லித்தரணும்.”

“நானா ஃபாதர்?”

“கம்பெனில புது டிராயிங் வந்தா லைன்ல இருக்கிறவங்களுக்கு யார் சொல்லித்தர்றது? நீங்கதானே. அதே வேலைதான்னு நெனச்சுக்குங்க.”

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே சரி என்றாள். பெருமையாகக்கூட இருந்தது. எலத்தகிரியில் பிறந்து, கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாக அவள் இந்தக் கோவில் பங்கில்தான் இருக்கிறாள். சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வாசகம் படிப்பதும், மைக்கில் நின்று சனங்களை வழிநடத்துவதும் அவள்தான். கன்னியாகுமரிக்காரர், திண்டுக்கல்காரர், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் என்று நாலு ஊர்ப் பேச்சும் கலந்து நிற்கிற கூட்டம் அது. அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வாய் திறப்பார்கள்.

வெளியே வந்து வெயிலில் நின்று அட்டையைப் பார்த்தாள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று குரு சொன்னால் ‘உம்மோடும் இருப்பாராக’ என்பதுதான் பதில். இனி அது ‘உம் ஆன்மாவோடும் இருப்பாராக’.

ஒரே ஒரு சொல்தான் கூடியிருந்தது. ஜெசிந்தா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கோவிலுக்குள் கடைசி பெஞ்சில், பக்கவாசலை ஒட்டி, கைத்தடியை முழங்கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு அவள் புருஷன் இன்னாசிமுத்து அவளுக்காகக் காத்திருந்தார்.

இன்னாசிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெஷின் ஆபரேட்டராக இருந்தவர். பதினாலு மாதத்துக்கு முன்னால், காலை ஷிப்டில், டிபன் நேரத்தில் அவர் கையிலிருந்த டீ டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மூளையில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். வலது கையும் வலது காலும் போயின. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. மூன்று மாதம் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். ‘அதுதான்.’ தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். ஃபேனைப் போடச் சொன்னாலும் அதுதான். ஜெசிந்தாவின் பெயரைக் கூப்பிட வாயைக் கோணிக்கோணி முயன்று, கடைசியில் அதுதான் என்று சொல்லிவிட்டு அழுவார்.

அந்தப் புத்தாண்டுக் காலைப் பூசைக்கு அவரைத் தாங்கிப்பிடித்து அழைத்து வந்தாள். கடைசி பெஞ்சில் உட்காரவைத்தாள். ஃபாதர் கைகளை விரித்து, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்றார். பக்கத்தில் ஒரு குரல் கணீரென்று எழுந்தது. “உம்மோடும் இருப்பாராக.”

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். அவர்தான். கொன்னல் இல்லை, குழறல் இல்லை. பழைய இன்னாசிமுத்துவின் குரல் அப்படியே. பூசை முடியும்வரை ஒவ்வொரு பதிலும் வந்தது. நீளமான விசுவாச அறிக்கை ஜெபம் முழுதும் வந்தது. வாசலில் செருப்பை மாட்டிவிட்டு, “ஏங்க, வீட்டுக்குப் போவலாமா?” என்று கேட்டாள். அவர் யோசித்து, “அதுதான்” என்றார்.

பெங்களூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேகலா என்ற பெண் அதை விளக்கினாள். “வருஷக்கணக்கா சொன்ன ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறது, இதெல்லாம் மூளையில வேற மாதிரி பதிஞ்சிருக்கும்மா. அதனாலதான் தப்பிச்சிருக்கு. அதை விடாம சொல்ல வைங்க. புதுசா ஒரு வார்த்தையைப் பிடிக்கிறது அவருக்கு மலை ஏறுற மாதிரி. ஆனா நாம சொல்றது அவருக்குப் புரியுது. அதை மட்டும் மறந்துடாதீங்க.”

ஜெசிந்தா முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடைசி வார்த்தை அவள் காதில் நிற்கவில்லை.

அன்றிலிருந்து ஷிப்டு அனுமதிக்கிற எல்லா நாளும் அவரைப் பூசைக்கு அழைத்து வந்தாள். வாரநாள் காலையில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். அவர் குரல் தனியாகக் கேட்கும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முக்கால் மணிநேரம் புருஷன் திரும்பி வந்து பக்கத்தில் நிற்பார். மீதி நாள் முழுவதையும் அதை வைத்துத்தான் ஓட்டினாள்.

இப்போது அந்த முக்கால் மணிநேரத்தை எடுத்துவிடும் அட்டை அவள் கைப்பைக்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனாள். ஃபாதர் ஆனந்த் யாரிடமோ ஜெனரேட்டர் ரிப்பேர் பற்றிப் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றாள்.

“ஃபாதர், பழசையும் சொல்லலாங்களா? வயசானவங்க இருக்காங்க...”

“கொஞ்ச நாளைக்கு ரெண்டும் கலந்துதாம்மா வரும். அப்புறம் பழசு தானா போயிடும். எல்லாரும் மறந்துடுவாங்க.”

அவர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு மிஞ்சியிருப்பதே அந்தப் பழசுதான் ஃபாதர் என்று சொல்ல வந்த ஜெசிந்தா, சொல்லாமல் திரும்பினாள். சொல்லிவிட்டால் அது நடந்தே தீரும் என்று தோன்றியது.

கம்பெனியில் அவளுக்கு ஒரு விதி மனப்பாடம். புது டிராயிங் வந்தால் பழைய டிராயிங்கை லைனிலிருந்து மொத்தமாக எடுத்துவிட வேண்டும். ஒரு காப்பி தங்கினாலும் யாராவது பழைய அளவில் பீஸ் போட்டுவிடுவார்கள், அந்த பீஸ் கழிவுத் தொட்டிக்குப் போகும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அவளே எடுத்திருக்கிறாள், சிவப்பு முத்திரை குத்தியிருக்கிறாள். இப்போது முத்திரையைக் கையில் எடுத்தாலே அந்தக் கடைசி பெஞ்சு கண்முன் வந்தது.

பயிற்சி தொடங்கியது. ஞாயிறு பூசைக்குக் கால்மணி நேரம் முன்னால் மைக்கைப் பிடித்து வரிவரியாகச் சொல்லித்தந்தாள். வாரநாளில், தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்கள் நடக்கிற வீடுகளுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து சொல்லித்தந்தாள். சனங்கள் தடுமாறினார்கள், சிரித்தார்கள். ஃபிலோமினம்மா என்ற வயதான அம்மாள் மட்டும் அட்டையை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்.

“அப்போ இத்தனை வருஷமா நாங்க சொன்னதெல்லாம் தப்பாம்மா?”

“தப்பில்லம்மா. லத்தீன் மூலத்துல இருக்கிற மாதிரி திருத்தியிருக்காங்க.”

“தப்பில்லாததை என்னாத்துக்குத் திருத்தணும்?”

ஜெசிந்தா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

இவ்வளவும் இன்னாசிமுத்துவுக்குத் தெரியாமல் நடந்தது. அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பக்கத்து வீட்டுச் சாந்தம்மா பேரிகை ஊர்ப் பக்கத்துக்காரி, கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவள். அவளிடம், பூசை மணி அடித்த பிறகு இவரை மெல்ல நடத்தி அழைத்து வரச் சொல்லியிருந்தாள். சாந்தம்மா கோவிலுக்குள்ளும் வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். பாட்டுக் கேட்கப் பிடிக்கும் என்பாள். யாராவது புதுசை உளறிவிடுவார்களோ என்று வாரநாள் பூசைக்கு அழைத்துப் போவதையே ஜெசிந்தா நிறுத்திவிட்டாள். ஷிப்டு மாறிவிட்டது என்று பொய் சொன்னாள்.

புதுப் பதில்களைக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் முணுமுணுத்துப் பழகினாள். வீட்டில் ஒரே ஒரு தடவை, வெங்காயம் நறுக்கும்போது தன்னை மறந்து சொல்லிவிட்டாள். நிமிர்ந்தால் சமையலறை வாசலில் அவர் நிற்கிறார். சட்டென்று மிக்சியைத் திருகினாள். உள்ளே ஒன்றுமில்லாத மிக்சி வெறுமனே கத்தியது. அவர் மிக்சியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தடியை ஊன்றித் திரும்பிப் போனார். அவள் சுவிட்சை அணைக்கவே அஞ்சிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

எதற்குப் பயந்தாள் என்று கேட்டால் அவளால் கோவையாகச் சொல்லியிருக்க முடியாது. நானூறு பேர் ஒன்று சொல்ல, அவர் மட்டும் வேறு சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்பது ஒன்று. அந்தப் பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டால், மூடிய வாய் திரும்பத் திறக்காதே என்பது இன்னொன்று. அதை மைக்கில் நின்று செய்யப்போவது தானே என்பதை மட்டும் அவள் நினைக்கவே மறுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்தித் தொடங்கும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. மார்கழிக்கு முன்பே மூடுபனி இறங்கி, எட்டு மணிக்கும் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. ஜெசிந்தா மைக் முன்னால் நின்றாள். மணி அடித்தது. பக்கவாசல் வழியாகச் சாந்தம்மா அவரை அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைப்பது தெரிந்தது. ஸ்வெட்டரும் மங்க்கி கேப்புமாக அவர் உட்கார்ந்தார்.

ஃபாதர் கைகளை விரித்தார். “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.”

“உம்மோடும் இருப்பாராக!”

இன்னாசிமுத்துவின் குரல்தான் முதலில் வந்தது. சொல் குறைவாக இருந்ததால் அவர் பதில் எல்லோருக்கும் முன்னால் முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் நானூறு பேரின் ‘ஆன்மாவோடும் இருப்பாராக’ இழுத்துக்கொண்டு போய் முடிந்தது. முன்வரிசைகளில் நாலைந்து தலைகள் திரும்பின. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது.

ஜெசிந்தா வாசகத்தை எப்படிப் படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நற்செய்திக்கு முன்னால் மறுபடி அதே அழைப்பு. கடைசி பெஞ்சிலிருந்து “உம்மோ...” என்று எழுந்த குரல் பாதியில் அறுந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். இடது கையால் காதைத் தொட்டார். விசுவாச அறிக்கையில் அவர் உதடு அசையவில்லை. காணிக்கைக்குப் பிறகு மூன்றாவது தடவை ஃபாதர் அழைத்தார். நானூறு பேரும் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் சத்தமே இல்லை.

ஜெசிந்தா மைக்கிலிருந்து பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றியிருந்தார். அவ்வளவு குளிரிலும் நெற்றி பளபளத்தது. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. வாய் திறந்தபடி இருந்தது, ஒரு பக்கம் இறங்கினாற்போல. சாந்தம்மா எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஜெசிந்தா நடுப்பாதையில் ஓடினாள். ஃபாதரின் குரல் ஒரு கணம் நின்று, பின் தொடர்ந்தது.

“ஏனாய்த்தோ தெரியலம்மா! கை ஐஸ் மாதிரி இருக்குது!” என்றாள் சாந்தம்மா.

“ஏங்க! என்னைப் பாருங்க. இடது கையைத் தூக்குங்க. தூக்குங்க. சிரிங்க பாக்கலாம். ஒரே ஒரு தடவ சிரிங்க!”

அவர் கையைத் தூக்கினார். சிரிக்கவில்லை. அவள் முகத்தை முன்பின் காணாத முகம்போல உற்றுப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை ஜெசிந்தா ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். டம்ளர் விழுந்த நாளில், ஸ்ட்ரெச்சரில்.

“வண்டி வெளியதான் நிக்குது. நான் கொண்டுவாரேன், நீங்க மெல்லப் பிடிச்சிட்டு வாங்க” என்று குமரிக்காரர் டென்சிங் முன்வந்தார். அவர் காரில் பாகலூர் ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் அவள் இன்னாசிமுத்துவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னென்னவோ நேர்ந்துகொண்டாள். நேர்ந்ததைப் பிறகு நினைவுகூரவும் முடியவில்லை.

ஸ்கேன் அறைக் கதவு மூடியது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளும் சாந்தம்மாவும் உட்கார்ந்தார்கள். சாந்தம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் தடவை தப்பினார், இரண்டாவது தடவை யாரும் தப்பமாட்டார்கள் என்று கம்பெனி கேண்டீனில் எவனோ சொன்னது ஜெசிந்தாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு மணிநேரத்துக்குப் பிறகு டாக்டர் வந்தார். “புதுசா அடைப்பு எதுவும் இல்லம்மா. பழைய காயம்தான் தெரியுது. பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு, இப்போ இறங்குது. எதையோ பாத்து பயந்திருக்கார்.”

“பூசையிலதாங்க சார் இருந்தாரு. அங்க பயப்பட என்னா இருக்குது?”

டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. இன்னாசிமுத்து பேசவில்லை. ‘அதுதான்’கூட இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டினார். டிவியைப் போட்டால் அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். யாராவது வந்து பேசினால் அவர்கள் வாயை இமைக்காமல் பார்த்தார், ஒவ்வொரு சொல்லையும் சோதிப்பதுபோல. ஜெசிந்தா லீவு போட்டாள். மேகலாவுக்குப் போன் செய்தாள். அவள் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கூட்டிவரச் சொன்னாள். திங்கள் போனது. செவ்வாய் போனது. எல்லாம் போய்விட்டது, நானே போக்கடித்துவிட்டேன் என்று ஜெசிந்தா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனபோது அவர் அவள் கையைத் தள்ளினார். தன் காதைத் தட்டிக் காட்டினார்.

“காது வலிக்குதுங்களா?”

இல்லையென்று தலையசைத்தார். மறுபடி காதைத் தட்டினார், பிறகு நெற்றிப்பொட்டைத் தட்டினார். கையை விரித்து உதறினார். போச்சு என்பதுபோல.

“என்னாங்க போச்சு? புரியலையே.”

அவர் பெருமூச்சு விட்டார். இடது கை விரல்களைக் குவித்தும் விரித்தும் பல வாய்கள் பேசுவதுபோலக் காட்டினார். ஜன்னல் வழியாகக் கோவில் பக்கம் சுட்டினார். தன் வாயைத் தொட்டார். மறுபடி அந்தப் பல வாய்கள். மறுபடி காது, நெற்றி, உதறல். கண்ணில் நீர் கோத்தது.

ஜெசிந்தா சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தனை பேரும் வேறு எதையோ சொன்னார்கள். அது தனக்கு மட்டும் அப்படிக் கேட்பதாக அவருக்குத் தோன்றியது. உலகத்தில் அவருக்கு உறுதியாக இருந்த ஒரே இடத்தில் அது நடந்தது. மாறியது பூசை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தன் மூளைதான் மறுபடி உடைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். மூன்று நாளாக, எவரிடமும் கேட்க வழியில்லாமல், அடுத்து என்ன உடையப்போகிறதோ என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“ஐயோ, இல்லீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவல. காது நல்லா இருக்குது. மூளை நல்லா இருக்குது. மாத்திட்டாங்க. பூசையில பதிலை மாத்திட்டாங்க. எல்லாரும் புதுசுதான் சொன்னாங்க. நீங்க கேட்டது சரிதான்.”

கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய்க் கைப்பையின் அடியில் கிடந்த இன்னொரு அட்டையை எடுத்து வந்தாள். பழையதையும் புதியதையும் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. அவர் அட்டையை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நோய்க்குப் பிறகு அவருக்கு எழுத்து முழுதாகப் பிடிபடாது. ஆனால் இடப்பக்க வரி சின்னது, வலப்பக்க வரி நீளம் என்பது தெரிந்தது. நீண்ட அந்தச் சொல்லின்மேல் கட்டைவிரலை வைத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். தோள்கள் இறங்கின. பெரிதாக மூச்சு விட்டார்.

“நான்தாங்க ஊருக்கெல்லாம் சொல்லித்தந்தேன். ஒரு மாசமா. உங்ககிட்ட மட்டும் சொல்லல.”

அவர் முகம் மாறியது.

“பயமா இருந்துச்சுங்க. சொன்னா, உங்களுக்கு இருக்கிறதும் போயிடுமோன்னு பயந்துட்டேன்.”

மிக்சி, மாறிப்போன ஷிப்டு, மணி அடித்த பிறகு கூட்டிவரச் சொன்னது, எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக விளங்குவதை அவள் அவர் கண்ணில் பார்த்தாள். அவர் அட்டையைச் சுவரில் வீசியடித்தார்.

“அதுதான்!” என்று கத்தினார். “அதுதான்! அதுதான்!”

மூன்று நாளைக்குப் பிறகு வந்த சொல். இவ்வளவு கோபமாக அவர் கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பேசியதில்லை. ஜெசிந்தா அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஊட்ட அவர் விடவில்லை. இடது கையால் தானே, மடியெல்லாம் சிந்திக்கொண்டு, சாப்பிட்டு முடித்தார்.

வெள்ளிக்கிழமை ஃபாதர் ஆனந்த் வீட்டுக்கு வந்தார். ஜெசிந்தா இந்த முறை எதையும் விழுங்காமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்ல வந்தேன் ஃபாதர். பழசு தானா போயிடும்னு சொன்னீங்க.”

அவர் முகம் சுருங்கியது. “ஆமா, சொன்னேன்.” பிறகு இன்னாசிமுத்துவின் பக்கம் திரும்பினார். “அண்ணே, உடம்பு முடியாதவங்க வீட்டுக்கு நான்தான் முதல்ல வந்து சொல்லியிருக்கணும். என் மேலதான் தப்பு. நீங்க பழசையே சொல்லுங்க. உங்க வாயிலருந்து அதை எடுக்கிற அதிகாரம் யாருக்கும் கெடையாது.”

இன்னாசிமுத்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் கொஞ்சம் தயங்கி, மெல்லச் சொன்னார். “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.”

பதில் வரவில்லை. இன்னாசிமுத்து ஜெசிந்தாவைப் பார்த்தார். ஒரு நிமிஷம் போயிருக்கும். அடிக்குரலில், ஒவ்வொரு எழுத்தாகக் காலை வைத்து ஆழம் பார்ப்பதுபோல், “உம்மோடும்... இருப்பாராக” என்றார்.

ஞாயிறு பூசையில் இவரைப் பற்றிச் சனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்று ஃபாதர் கேட்டார். இன்னாசிமுத்து வேகமாகத் தலையசைத்தார். ஜெசிந்தாவும் வேண்டாமென்றாள். அதற்குப் பதில், படுக்கையிலும் நாற்காலியிலும் கிடப்பவர்களின் பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டாள். பதினோரு வீடு. சனிக்கிழமை முழுவதும் அலைந்தாள். மத்திகிரிப் பக்கம் ஒரு பெரியவர், போன வாரம் பேத்தியின் போனில் பூசை கேட்டபோது வேறு சபைக் கோவிலைப் போட்டுவிட்டார்கள் என்று வீட்டாரோடு சண்டை பிடித்து இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்திருக்கிறார். அட்டையைப் படித்துக் காட்டியதும், “இதை மொதல்லயே சொல்றதுக்கென்னா?” என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

மறுநாள் மைக் முன்னால் போய் நின்றாள். இன்னாசிமுத்து அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஃபாதர் கைகளை விரித்தார். மைக்கில் அவளே புதுப் பதிலைச் சொல்ல வேண்டும், அவள் சொல்லாவிட்டால் பாதிச் சனம் குழம்பிவிடும். அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே காதைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினாள். அங்கிருந்து அவர் குரல் வந்தது. போன வாரம்போல் கணீரென்று இல்லை. ஆனால் முழுதாக வந்தது. ஃபிலோமினம்மாவும் வேண்டுமென்றோ மறந்தோ பழசையே சொன்னாள். இன்னும் அங்கங்கே சிலர் தடுமாறினார்கள். ஒரு தலை திரும்பியது, ஒன்றே ஒன்று. இன்னாசிமுத்து அந்த ஆளைத் திருப்பிப் பார்த்தார். அந்த ஆள் முன்னால் திரும்பிக்கொண்டார். நற்செய்திக்கு முன்னால் மறுபடி வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. அப்போதுதான் ஜெசிந்தா மைக் தண்டை இறுகப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள். உள்ளங்கையில் தண்டின் திருகாணி பதிந்து சிவந்திருந்தது.

புதுசையும் கற்றுக்கொள்ள வேண்டுமென்று இன்னாசிமுத்துவே பிடிவாதம் பிடித்தார். தினம் சாயங்காலம் அட்டையை எடுத்து நீட்டுவார். அவள் ‘ஆன்மா’ என்பாள். அவர் வாயைத் திறப்பார், ‘அதுதான்’ வரும். அட்டையை மடித்து வைப்பார்கள். கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. மேகலா, முயற்சியை விடவேண்டாம், எதிர்பார்க்கவும் வேண்டாம் என்றாள். ஜெசிந்தா தினமும் விடியலில் விழித்ததும் முதலில் அவர் வாயின் இரண்டு ஓரமும் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விடவில்லை.

தை கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஜெசிந்தா பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேன் போடும் ராமப்பன் டெம்போவை நிறுத்திவிட்டு வாசலில் குரல் கொடுத்தான். இன்னாசிமுத்து தடியை ஊன்றி எழுந்து போவது கேட்டது.

“சார், எத்தனை கேன் இறக்கட்டும்?”

“ஆன்மா.”

ஜெசிந்தாவின் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. வலிப்பு வந்து உளறுகிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. ஈரக்கையோடு வீட்டுக்குள் புகுந்து ஓடினாள். ராமப்பன் நிலைப்படியில் திகைத்து நின்றான். “அம்மா, சார் என்னமோ ஆன்மாங்கறாரு...”

இன்னாசிமுத்து கல்யாண மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். வாயின் இரண்டு ஓரமும் நேராகத்தான் இருந்தன. அவள் வந்ததைப் பார்த்ததும் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, “ஆன்மா!” என்றார். சொல்லிவிட்டு இடது கையின் இரண்டு விரலை ராமப்பனிடம் நீட்டினார்.

“ரெண்டு கேன் கேக்கறாரு” என்றாள் ஜெசிந்தா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டி, குரல் எங்கோ போய்விட்டது. ராமப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டு கேனை உள்ளே தூக்கி வைத்தான்.

அன்று மத்தியானம் ரசம் கேட்டபோதும் அவர் ஆன்மா என்றார். ஃபேனுக்கும் ஆன்மா. மறுநாள் பூசையில் ஃபாதர் கைகளை விரித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து வந்தது பழைய பதில்தான்.